மலையடிவார ஊரில் குடியேற: கோவைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கோவைக்கு மாறி வர நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் கிளைமேட்டைப் பற்றித்தான். "ஏசி இல்லாமலே இருக்கலாமாமே?" என்பார்கள். அடுத்து, ஊட்டிக்கு எவ்வளவு நேரம் என்பார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் இங்கே சில வருஷம் இருந்தவரிடம் ஊட்டிக்குக் கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டால், யோசித்துத்தான் பதில் சொல்வார். ஊர்க்காரருக்கு மலை சுற்றிப் பார்க்கும் இடமாக இருப்பது வருஷத்தில் சில நாட்கள்தான். மற்ற நாட்களில் அது குழாயில் வருகிறது, காற்றாக வருகிறது, சில தெருக்களில் ராத்திரி யானையாகவும் வருகிறது. வீடு எங்கே பார்ப்பது, வேலைக்கு எப்படிப் போவது என்பதில்கூட அதன் கை இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால் பாதி அலைச்சல் மிச்சம்.

1. முதலில் ஏப்ரலில் வந்து பாருங்கள்

டிசம்பரிலோ ஆகஸ்டிலோ வந்து பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். டிசம்பர் கடைசியில் அதிகாலை வெப்பநிலை 18, 19 டிகிரிக்கு இறங்கும். ஆகஸ்டில் மேகம் மூடிக்கொண்டு சாரல் தூவும். அந்த மாதங்களில் இந்த ஊர் யாருக்கும் பிடித்துவிடும். பார்க்க வேண்டியது மார்ச் கடைசி அல்லது ஏப்ரல். இங்கே உச்ச வெயில் அப்போதுதான். 36 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு, ஏசி இல்லாமல் சமாளிக்கலாம் என்கிற பேச்சு அந்த வாரங்களில் செல்லாது. மற்ற ஊர்கள் கத்திரி வெயிலில் வதங்கும் மே மாதத்தின் பின்பாதியில் இங்கே காற்று திரும்பிவிடும்.

காரணம் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கே நீலகிரியோடு நின்று, தெற்கே ஆனைமலையில் மறுபடி எழும்புகிறது. நடுவில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான திறப்பு. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே நேராக ஊருக்குள் புகுகிறது. மழையை மலையே வாங்கிக்கொள்ளும். வால்பாறைக்கு மேலே இருக்கும் சின்னக்கல்லார் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. நமக்கு வருவது காற்றும் சாரலும் மட்டும்தான். நகரத்தின் சொந்த மழை அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. வருஷ மழையளவு சென்னையில் பெய்வதில் பாதிதான் தேறும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அடிக்கும் இந்தக் காற்றை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உடுமலை, பல்லடம் பக்கம் இவ்வளவு காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. மாடியில் காயப்போட்ட துணிக்கு இரண்டு கிளிப் போட வேண்டும். மேற்குப் பார்த்த ஜன்னல் திறந்திருந்தால் சாயங்காலத்துக்குள் டைல்ஸில் கால் வைத்த தடம் தெரியும். ஆஸ்துமா, தூசி அலர்ஜி இருப்பவர்கள் வீட்டில் இருந்தால் குடியேறும் முன்பே டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். காலி மனைகளில் பார்த்தீனியம் களை பூத்துக் கிடக்கும் பகுதியில் வீடு பார்க்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

2. வேலையை உறுதி செய்யுங்கள், கூடவே அதன் திசையையும்

இந்த ஊரின் தொழிலுக்கும் மலைக்கும் உறவு உண்டு. 1888ல் ஸ்டேன்ஸ் மில் வந்தபோது இது பருத்தி விளையும் ஒரு சிறு நகரம். 1932ல் நீலகிரியின் பைக்காரா அருவி நீரிலிருந்து மின்சாரம் கிடைக்க ஆரம்பித்ததும் மில்கள் பெருகின. மில் இயந்திரம் ரிப்பேர் ஆனால் சரிசெய்யப் பட்டறைகள் வந்தன, பட்டறைக்கு வார்ப்பு வேண்டும் என்று பவுண்டரிகள் வந்தன. 1937ல் ஜி.டி. நாயுடு முன்நின்று உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்தார். விவசாயிக்குக் கிணற்றுத் தண்ணீர் இறைக்க பம்ப்செட், வீட்டுக்கு வெட் கிரைண்டர் என்று அது நீண்டது. இன்றும் கணபதி, ஆவாரம்பாளையம் சந்துகளில் நடந்தால் ஒவ்வொரு வீட்டு முன்புறத்திலும் ஒரு லேத் ஓடும் சத்தம் கேட்கும்.

இதைச் சொல்வதற்குக் காரணம், வேலை தேடும் முறை. ஐடி என்றால் மற்ற ஊர் போலத்தான், இணையத்தில் விண்ணப்பித்து வரலாம். சரவணம்பட்டி, கீரணத்தம், பீளமேட்டை ஒட்டிய டைடல் பார்க், தெற்கே ஈச்சனாரி என்று இடங்கள் தெரிந்தவையே. அதே வேலைக்குப் பெங்களூரை விடச் சம்பளம் பெரும்பாலும் குறைவாக வரும். அதை மறைக்க வேண்டியதில்லை. வாடகையில் எவ்வளவு மிச்சம், ரோட்டில் எவ்வளவு நேரம் மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பார்த்து ஒத்துக்கொள்ளுங்கள்.

பட்டறை, பவுண்டரி, பம்ப் கம்பெனி வேலைகள் வேறு மாதிரி. கேட்டில் தொங்கும் 'ஆட்கள் தேவை' பலகைதான் விளம்பரம். டர்னர், ஃபிட்டர், சிஎன்சி ஆபரேட்டர், குவாலிட்டி ஆள் யாராக இருந்தாலும், குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலோ கணபதியிலோ காலை ஒன்பது மணிக்கு ஒரு சுற்று நடந்தால் பேச ஆள் கிடைக்கும். தெரிந்தவர் ஒருவர் "நம்ம பையனுங்க" என்று சொல்லி அறிமுகப்படுத்தினால் சான்றிதழைவிட அதற்கு மதிப்பு.

திருப்பூர் என்றால் சம்பளக் கணக்கை முதலில் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். மாதச் சம்பளமா, ஷிஃப்ட் கணக்கா, பீஸ் ரேட்டா? காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வந்தால் 'ஒண்ணரை ஷிஃப்ட்' என்பார்கள். பலருக்குச் சனிக்கிழமை சம்பளம். டெய்லர், கட்டிங் மாஸ்டர், செக்கிங் இவர்களுக்கு வேலை சீக்கிரம் அமையும். வாங்குகிறவர்களோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலைக்கு ஆங்கிலமும் பொறுமையும் வேண்டும். பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்கிறார்களா என்பதை வெட்கப்படாமல் கேளுங்கள். அப்புறம், ஈரோடு மஞ்சளும் ஜவுளியும், கரூர் வீட்டு உபயோகத் துணியும் பஸ் பாடியும், நாமக்கல் லாரியும் முட்டையும், திருச்செங்கோடு போர்வெல் வண்டியும் ஒவ்வொன்றும் தனி உலகம். உங்கள் தொழில் அங்கே இருந்தால் கோவையிலேயே இருந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

3. வீடு எந்தப் பக்கம்?

ஊரைக் குத்துமதிப்பாக இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். மேற்கே மலை, கிழக்கே வேலை. வடவள்ளி, மருதமலை ரோடு, பேரூர், தொண்டாமுத்தூர் ரோடு, தென்மேற்கில் கோவைப்புதூர் எல்லாம் மலையை ஒட்டியவை. கோவைப்புதூரை மினி ஊட்டி என்று பெருமையாகச் சொல்வார்கள். சாயங்காலம் நிஜமாகவே குளிரும். பீளமேடு, சிங்காநல்லூர், சூலூர், அவிநாசி ரோடு முழுக்க வேலை இருக்கும் பக்கம். வடகிழக்கில் சத்தி ரோட்டில் சரவணம்பட்டி ஐடிக்காரர்களின் ஊர். வடமேற்கில் மேட்டுப்பாளையம் ரோட்டில் கவுண்டம்பாளையம், துடியலூர், பெரியநாயக்கன்பாளையம். தெற்கே பொள்ளாச்சி ரோட்டில் சுந்தராபுரம், குறிச்சி, ஈச்சனாரி.

புதிதாக வருபவர்கள் விழும் ஆசை ஒன்று உண்டு: வடவள்ளியில் மலை தெரியும் வீடு, சரவணம்பட்டியில் வேலை. வரைபடத்தில் தூரம் சின்னதாகத் தெரியும். காலை ஒன்பது மணிக்கு ஊரின் நடுவைத் தாண்டிப் போக வேண்டும் என்பதை அது காட்டாது. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை சுமார் 10 கிலோமீட்டருக்கு மேம்பாலம் வந்தபிறகு அவிநாசி ரோட்டில் போகிறவர்களுக்குச் சுலபம். குறுக்கே போகிறவர்களுக்கு அதனால் பெரிய லாபமில்லை. வேலைக்குப் போகும் நேரத்தில் ஒருமுறை வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். மழை நாளில் போய்ப் பார்த்தால் இன்னும் நல்லது. நவம்பரில் ஒரு மணி நேரம் கொட்டினால் லங்கா கார்னர் பாலத்துக்கு அடியில் தண்ணீர் நிற்கும், ஊரே சுற்றிப் போகும்.

மலை தெரிய வேண்டும் என்று இருந்தால், துடியலூர் பக்கம் பாருங்கள் என்பேன். மேட்டுப்பாளையம் மெமு ரயில் துடியலூரிலும் வடகோவையிலும் நின்று ஜங்ஷனுக்கு வருகிறது. மேற்கே குருடி மலை, தடாகம் பக்கத்து மலைகள் தெரியும். இரண்டு ஆசையும் ஓரளவு நிறைவேறும்.

4. வீட்டுக்காரரிடம் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்

வாடகையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது இது. கோவையில் எல்லாருக்கும் சிறுவாணித் தண்ணீர் என்று வெளியூரில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மேற்கிலும் நகரின் மையத்திலும் பெரும்பாலும் சிறுவாணி. வடக்கு, கிழக்குப் பக்கம் அதிகமாக வருவது பவானி ஆற்றின் பில்லூர்த் தண்ணீர். தெற்கே குறிச்சி, குனியமுத்தூர் பக்கம் ஆழியாறு. சிறுவாணியின் ருசிக்குப் பழகியவர்கள் வீடு மாறினால்கூட அதே லைன் இருக்கிறதா என்று பார்த்துத்தான் மாறுவார்கள். அதில் மிகையில்லை, நீங்களும் ஒரு டம்ளர் குடித்துப் பாருங்கள்.

சிறுவாணி அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். மலையின் அந்தப் பக்கம் பெய்த மழை குகைவழியாக இந்தப் பக்கம் வருகிறது. அணையின் முழு நீர்மட்டம் 50 அடி. ஜூனில் உள்ளூர்ச் செய்திகளில் 'சிறுவாணி நீர்மட்டம் இத்தனை அடி' என்று தினம் வருவதை ஊரே படிக்கும். வெளியூர்க்காரருக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஒரு மே மாதம் இங்கே இருந்துவிட்டால் நீங்களும் அதைத்தான் முதலில் தேடுவீர்கள்.

வீடு பார்க்கும்போது கேட்க வேண்டியவை: நல்ல தண்ணி எந்தத் திட்டத்தில் வருகிறது, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம்? 24 மணி நேரக் குடிநீர்த் திட்டம் பகுதி பகுதியாக நடக்கிறது, அந்தத் தெருவுக்கு வந்துவிட்டதா? தரைத்தொட்டி எத்தனை ஆயிரம் லிட்டர், எத்தனை வீட்டுக்குப் பொது? "தண்ணிக்குப் பஞ்சமே இல்லீங்க தம்பி, நாள் தவறாம வருதுங்" என்று வீட்டுக்கார அம்மா சொன்னால் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் கீழ்வீட்டில் குடியிருப்பவரிடம் தனியாகக் கேளுங்கள்.

அடுத்து உப்புத் தண்ணி. போர்வெல் தண்ணீரை இங்கே அப்படித்தான் சொல்கிறோம். ஊரைச் சுற்றி ஆயிரம் அடிக்கும் கீழே போன போர்கள் உண்டு. தண்ணீர் வந்தாலும் கடினமாக இருக்கும். பாத்ரூம் குழாயின் வாயில் வெள்ளை படிந்திருக்கிறதா, கீசர் வைத்து எத்தனை வருஷம் ஆகிறது என்று பாருங்கள். அபார்ட்மெண்ட் என்றால் கோடையில் டேங்கர் வாங்குகிறார்களா, அந்தச் செலவு மெயின்டெனன்ஸில் சேர்ந்ததா தனியா என்று கேளுங்கள்.

5. ஒப்பந்தம், கரண்ட், காகிதங்கள்

இதை நீட்ட வேண்டியதில்லை. 2019ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். வேறு மாதிரி ஒத்துக்கொண்டு எழுதினால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. நடைமுறையில் கூடுதலாகக் கேட்பார்கள். சட்டம் தெரிந்தவராகப் பேசினால் கொஞ்சம் இறங்கி வருவார்கள். பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள்.

கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. வீட்டு இணைப்புக்கு 100 யூனிட் இலவசம். உங்கள் வீட்டுக்குத் தனி இணைப்பா, வீட்டுக்காரரின் இணைப்பில் சப்மீட்டரா என்று பாருங்கள். சப்மீட்டர் என்றால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் வைத்ததுதான் விலை. அந்த 100 யூனிட் உங்கள் கணக்கில் வராமல் போகலாம். தனி இணைப்பாக இருந்தால் இணைப்பு எண்ணை வாங்கிவைத்து நேரடியாகக் கட்டிவிடுங்கள்.

"பேச்சுலரா, ஃபேமிலியா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். "எந்த ஊருங்க, யாரு வூட்டுப் பசங்க?" என்று சுற்றி வளைத்துச் சாதியைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். அசைவம் சமைக்கக் கூடாது என்பவர்களும் உண்டு. அந்த வீட்டை விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போவதே நல்லது. தனியாக வருபவர்கள் முதல் இரண்டு மூன்று மாதம் பிஜியிலோ மேன்ஷனிலோ இருந்துகொண்டு நிதானமாகத் தேடலாம். வீடு அமைந்தபின் ரேஷன் கார்டு முகவரி மாற்றம், கேஸ் மாற்றம், வாக்காளர் பட்டியல் மூன்றையும் ஒரே வாரத்தில் முடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் தேர்தல் வரைக்கும் தள்ளிப்போகும்.

6. மலையடிவாரத்தில் மனை வாங்க ஆசை வந்தால்

இந்த ஆசை இரண்டாம் வருஷம் வரும். நொய்யல் பிறக்கும் வெள்ளியங்கிரி பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வருவீர்கள். வழியெல்லாம் 'மலை வியூ பிளாட்' என்று பலகை. அங்கேயே பேசி டோக்கன் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் காகிதம். அந்த கிராமம் 'ஹாக்கா' என்று எல்லாரும் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள். கோவை மாவட்டத்தின் மேற்கு ஓரக் கிராமங்கள் பல அதில் வருகின்றன. அங்கே மனைப் பிரிவுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் மட்டும் போதாது, மலையிடக் குழுமத்தின் ஒப்புதலும் வேண்டும். காப்புக்காட்டு எல்லையிலிருந்து மனை எவ்வளவு தூரம், இடையில் பள்ளம் ஓடுகிறதா என்று நில அளவை வரைபடத்தில் பாருங்கள். கோடையில் காய்ந்து கிடக்கும் பள்ளத்தில் நவம்பரில் தண்ணீர் வரும். அந்த நீர்வழியை மூடி மனை போட்டவர்கள் உண்டு. பட்டா, வில்லங்கச் சான்று இவற்றைப் பார்ப்பது எங்கேயும் உள்ளதுதான். பஞ்சாயத்து அப்ரூவல் என்று மட்டும் சொல்கிறவரிடம் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

அப்புறம் யானை. கேரள எல்லையிலிருந்து மதுக்கரை, போளுவாம்பட்டி, தடாகம், பெரியநாயக்கன்பாளையம், காரமடை என்று மலையடிவாரத்தை ஒட்டியே யானைகள் வடக்கும் தெற்குமாக நடக்கின்றன. நாம் இங்கே வருவதற்கு முன்பிருந்தே அது அவற்றின் வழி. வழியில் வாழையும் சோளமும் தென்னையும் பயிரானால் ஒதுங்கி நின்று சாப்பிடும். 2019ல் தடாகம் பக்கம் பிடித்துக் கொண்டுபோய் ஆனைமலைக் காட்டில் விட்ட 'சின்னத்தம்பி' என்ற யானை, அங்கிருந்து ஊர்களுக்குள் நடந்து வந்த கதை இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். மதுக்கரைப் பக்கம் ரயில் தண்டவாளத்தில் யானை வருவதைக் கேமரா வைத்துக் கண்டுபிடித்து டிரைவருக்குச் சொல்லும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

வாடகைக்கானாலும் சொந்தமானாலும் இந்தப் பக்கம் இருக்கப்போகிறவர்கள் செய்ய வேண்டியது சில. அரிசி மூட்டை, தவிடு, பருத்திக்கொட்டை இவற்றை வெளித்திண்ணையிலோ ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறையிலோ வைக்காதீர்கள். யானை வாசனை பிடித்துச் சுவரை இடித்துவிடும். விடியும் முன் வாக்கிங் போகும் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பொழுது விடிந்து பால்காரர் வந்தபிறகு போகலாம். ராத்திரி டூவீலரில் வரும்போது தோட்டத்துப் பாதையில் வேகம் வேண்டாம். யானை வந்துவிட்டால் நீங்களே பட்டாசு கொளுத்தி விரட்டுவதும், செல்போனில் படம் பிடிக்கக் கிட்டே போவதும் உயிருக்கு உலை வைக்கும். உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தின் எண்ணை வாங்கி போனில் வைத்திருங்கள், ராத்திரி ரோந்துக் குழு வரும். நாய் வளர்ப்பவர்கள் அதை இரவில் உள்ளே கட்டுவது நல்லது. சிறுத்தைக்கு நாய் பிடிக்கும்.

இதையெல்லாம் படித்துப் பயந்துவிட வேண்டாம். அங்கே தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பேசுங்கள். மனை விற்கிறவர் சொல்லாததை எல்லாம் அவர்கள் ஒரு டீ நேரத்தில் சொல்லிவிடுவார்கள்.

7. பஸ் எங்கே ஏறுவது

முதல் வாரம் எல்லாரும் தவறான பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பார்கள். பொள்ளாச்சி, பழனி, பாலக்காடு என்றால் உக்கடம். ஊட்டி, மேட்டுப்பாளையம் என்றால் மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்ட். திருச்சி, மதுரை என்றால் சிங்காநல்லூர். திருப்பூர், ஈரோடு, சேலம் என்றால் காந்திபுரம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பாட்டுச் சத்தத்தோடு பறக்கும் தனியார் டவுன் பஸ்ஸில் அந்தச் சலுகை கிடையாது. திருப்பூர், ஈரோடு தினமும் போய்வருபவர்கள் ரயில் சீசன் டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள், அதுதான் சிக்கனம். மற்றபடி இது டூவீலர் ஊர்.

8. மலைக்குப் போகும் நாள்

ஊட்டி இங்கிருந்து 86 கிலோமீட்டர், உயரம் 2,240 மீட்டர். நாம் இருப்பது சுமார் 400 மீட்டர். சொந்த வண்டியில் நீலகிரி போக 2024 மே முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 கோடை சீசனில் வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிக்குப் பாஸ் வேண்டாம், அரசு பஸ்ஸில் போகிறவருக்கும் வேண்டாம். அதனால் பஸ்ஸில் போங்கள் என்பேன். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துவிடுவார்கள், வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

வண்டியில்தான் போவேன் என்றால்: இறக்கத்தில் இரண்டாவது கியர், நியூட்ரல் கூடவே கூடாது. ஏறிவரும் வண்டிக்கு வழி விடுங்கள். சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கிவிடுவார்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றோடும் போக வேண்டாம், வயிறு முட்டவும் சாப்பிட வேண்டாம். மைசூருக்குச் சத்தியமங்கலம் வழியாகப் போகிறவர்கள் 27 வளைவுள்ள திம்பம் மலைப்பாதையில் இரவுத் தடை இருப்பதை நினைவில் வையுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் கார், பைக்கும் போக முடியாது. காலை ஆறு மணி வரை பண்ணாரியில்தான் காத்திருக்க வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஒருமுறையாவது போய்வாருங்கள். குன்னூர் வரை 1899லும் ஊட்டி வரை 1908லும் வந்தது. ஆனால் நவம்பரில் டிக்கெட் போட்டுவிட்டு நம்பி இருக்காதீர்கள். கல்லாறுக்கு மேலே மண் சரிந்தால் ரத்துதான்.

9. பேச்சும் சாப்பாடும்

ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ஒரு 'ங்க' சேர்ந்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும். உங்களைவிடச் சின்னவரிடமும் 'வாங்க, சொல்லுங்க'தான். திட்டும்போதுகூட மரியாதை விடுவதில்லை, அதனால் திட்டுகிறார்கள் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் புரியும். "பொழுதோட வாங்க" என்றால் சாயங்காலம். காலை பத்து மணிக்குப் போய் நிற்காதீர்கள். கடையில் இருக்கும் பெரியம்மா உங்களை 'கண்ணு', 'சாமி' என்று கூப்பிடுவார், பெண்ணாக இருந்தால் 'அம்மணி'. அதற்கு மறுமொழியாக 'ஆன்ட்டி' என்று சொல்லாமல் 'அக்கா' அல்லது 'அம்மா' என்று சொன்னால் காய்கறியோடு கொத்தமல்லியும் வரும்.

காய்கறிக்கு உழவர் சந்தை. ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், வடவள்ளியில் இருக்கிறது. காலை ஏழு மணிக்குள் போனால்தான் நல்லது கிடைக்கும். ஓட்டல் சாப்பாடு எங்கேயும் உள்ளதுதான். ஆனால் அரிசிம்பருப்பு சாதமும் கொள்ளுப் பருப்பும் இடியாப்பம் மாதிரியான சந்தகையும் வீட்டில் சாப்பிட்டால்தான் ருசி தெரியும். பக்கத்து வீட்டில் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். டீயை இங்கே பேக்கரியில் குடிப்பார்கள், வேலை விஷயம் பாதி அங்கேதான் பேசி முடியும். ஆயுத பூஜையன்று பட்டறை வேலை எதுவும் நடக்காது. கூப்பிட்ட பட்டறைக்கெல்லாம் போய்ப் பொரி கடலை வாங்கிக்கொண்டு வாருங்கள். தைப்பூசத்தில் மருதமலைப் பக்கம், மாசியில் கோனியம்மன் தேரன்று டவுன்ஹால் பக்கம் வண்டி எடுத்துப் போகவே வேண்டாம்.

10. மேலேயே குடியேறிவிடலாமா?

வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஐடிக்காரர்கள் குன்னூர், கோத்தகிரி, ஏற்காடு என்று கேட்கிறார்கள். முடியும். ஆனால் அங்கே உள்ளூர் வேலை என்பது தேயிலை, காபி, ஓட்டல், அரசு அலுவலகம், குன்னூர் பக்கம் ராணுவமும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும். துணைவருக்கும் வேலை வேண்டும் என்றால் சிரமம். வீடு கட்ட அனுமதி கீழே இருப்பதைவிடக் கடினம். பெரிய உடம்புப் பிரச்சினை என்றால் பலர் கோவைக்குத்தான் இறங்கி வருகிறார்கள். மழையில் ரோடு அடைபட்டால் அதுவும் தாமதம். கூடலூர், வால்பாறை பக்கம் ஜூன், ஜூலையில் மழை. குன்னூர், கோத்தகிரிக்கு அது அக்டோபர், நவம்பரில். எந்த ஊரோ அந்த ஊரின் மழைமாதத்தில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். மின்சாரம் எத்தனை முறை போகிறது, இணையம் மீட்டிங் நடுவே நிற்கிறதா, துவைத்த துணி காய எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்துவிட்டு முன்பணத்தைப் பேசுங்கள்.